கில்லாடிப் பூவும் நிச்சயதார்த்தச் சாம்பாரும்

என் தங்கையின் நிச்சயதார்த்த வீடியோவில், முதல் பந்திக்கு அப்பளம் வைக்கும் இடத்தில் படம் ஒரு துள்ளு துள்ளும். துள்ளி முடித்ததும் அதே பந்தல், அதே ஆட்கள். ஆனால் இலைகள் மட்டும் புதிது. எல்லார் முகத்திலும் வேர்வை. நடுவில் இருந்த பகுதியை வெட்டச் சொன்னவன் நான். வீடியோ எடுத்தவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வெட்டவைத்தேன். (வெட்டிய துண்டு என் தங்கை வீட்டுக்காரரின் செல்போனில் பத்திரமாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.) அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உத்தமபாளையத்திலிருந்து போடி வரைக்கும் தெரிந்த கதைதான். ஆனால் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லித் திரிகிறார்கள். குற்றவாளியின் வாக்குமூலமும் ஒன்று இருக்கட்டுமே.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. உத்தமபாளையத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தேன். இன்றும் அதே கடைதான். அப்பா தவறிவிட்டதால் வீட்டுக்கு நான்தான் பெரிய ஆம்பளை. (யாரும் ஓட்டுப் போட்டு வந்த பதவி இல்லை. தானாக வந்தது.) அம்மா, மனைவி செல்வி, தங்கை சுகன்யா என்று வீட்டில் மூன்று பெண்கள். மூவருமே என்னைவிட விவரமானவர்கள் என்பது அந்த நிச்சயதார்த்தத்தன்று மத்தியானம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் எதை நட்டாலும் ஒரு கேள்வி வரும்: "இது எதுக்கு ஆகும்?" வாழை என்றால் இலைக்கும் காய்க்கும் ஆகும். மல்லிகை தலைக்கு ஆகும். செவ்வந்தி சாமிக்கு ஆகும். கோழிக்கொண்டை மாலைக்கு ஆகும். இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லாத ஒரு பூவைத் தேடிப்பிடித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

கல்யாணமான புதிதில் செல்வியும் நானும் கொடைக்கானல் போயிருந்தோம். ஏரிக்கரையில் அவள் சாக்லேட் கேட்டாள். நான் வாங்கப்போன வழியில் ஒரு நாற்றுப்பண்ணை. வாசலில் இடுப்பு உயரத்துக்கு வாள்போல நிமிர்ந்த தண்டுகள். ஒவ்வொன்றிலும் கீழிருந்து மேலாக வரிசையாகச் சிவப்புப் பூக்கள். கிளாடியோலஸ் என்றார்கள். விதை கிடையாதாம், கிழங்குதானாம். ஆறு கிழங்கு வாங்கினேன். தட்டையாக, பழுப்பு நிறத்தில், சருகுத் தோல் போர்த்திய கிழங்குகள். பழுப்புக் காகிதப் பையில் போட்டுத் தந்தார்கள். பஸ்ஸில் செல்வி ஆசையாகப் பைக்குள் கையை விட்டு, ஒன்றை எடுத்து வாய்ப்பக்கம் கொண்டுபோய்விட்டாள்.

"என்னங்க இது, மண்ணா இருக்கு?"

"பூவும்மா. ஒண்ணு நட்டா நூறாகும்."

அவள் பையை மடித்து என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியகுளம் வரும்வரை திரும்பவில்லை.

முதல் வருடம் சித்திரை வெயிலில் மூன்றை நட்டேன். முளைத்துவிட்டதா என்று தினமும் தோண்டிப் பார்த்தேன். தினமும் போர்வையை விலக்கி எழுப்பினால் எந்தக் குழந்தைதான் தூங்கும், எந்தக் கிழங்குதான் முளைக்கும்? இரண்டு அழுகின. மூன்றாவது, மண்ணுக்குள்ளேயே வளைந்து வளைந்து பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. அம்மா வந்து குனிந்து பார்த்தார்.

"ஏலே கதிரேசா, இதத் தலகீழால நட்டு வச்சிருக்க? மொள மேல பாத்து இருக்கணும்லே."

மிச்சம் மூன்றை அடுத்து ஐப்பசியில், நாலு விரல் ஆழத்தில், முளை மேலே பார்க்க நட்டேன். தை பிறந்ததும் பூத்தன. அந்தத் தெருவில் அப்படி ஒரு பூ அதுவரை பூத்ததில்லை. நான் வாசலில் நாற்காலி போட்டுப் பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், போவோர் வருவோர் யாராவது கேட்கமாட்டார்களா என்று. முதலில் கேட்டது அம்மாதான்.

"வாசமும் இல்ல. தொடுக்கவும் முடியாது. தலையில வச்சா ஆண்டெனா மாதிரில நிக்கும். இது எதுக்குலே ஆகும்?"

"அழகுக்குமா."

"அழகுக்கா?" என்று கேட்டுவிட்டு, என் நெற்றியில் கைவைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "கில்லாடிப் பூ" என்று வைத்துக்கொண்டார். வீட்டில் அதுவே நிலைத்தது.

பூ முடிந்ததும் செடியை அறுத்து மாட்டுக்குப் போடலாம் என்றார் அம்மா. நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். இலை தானாகப் பழுக்கும்வரை விட வேண்டும். அந்தப் பச்சை இருக்கும்வரைதான் கீழே கிழங்கு பெருக்கும். பங்குனியில் இலை மஞ்சளாகித் தலை சாய்ந்ததும் தோண்டினேன். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. நான் நட்ட பழைய கிழங்கு சுருங்கி, வறட்டிபோல் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் புதிதாய், முழுசாய் இன்னொரு கிழங்கு. அதைச் சுற்றிலும் கொண்டைக்கடலை அளவில், பட்டாணி அளவில் குட்டிக் கிழங்குகள். எண்ணிப் பார்த்தேன், மூன்று கிழங்குக்கு அறுபத்துச் சொச்சம் குட்டி!

அன்றிலிருந்து நான் ஒரு மனிதனாக இல்லை. குட்டிகள் பூக்க இரண்டு மூன்று வருடமாகும். அதற்குள் நட்டு, தோண்டி, நிழலில் உலர்த்தி, சல்லடையில் சலித்து, அளவுவாரியாகப் பிரித்து, வீடு முழுக்கக் கிழங்காக்கினேன். கடைக்குக் கிளட்ச் பிளேட் கேட்டு வந்தவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். "அண்ணே, வெங்காயத்தையும் இதையும் பாத்தா ஒண்ணாட்டம் இருக்கும். ஆனா வெங்காயத்த வெட்டுனா அடுக்கடுக்கா இருக்கும். இத வெட்டுனா உருளைக்கிழங்கு மாதிரி ஒரே கட்டி. இத்தனூண்டு வித்தியாசம் நம்மாளுக யாருக்குமே தெரியலண்ணே!" அவர்கள் கிளட்ச் பிளேட்டை வாங்க அடுத்த ஊரான கம்பத்துக்குப் போனார்கள்.

(மேலே சொன்ன பாடத்தை எடுத்தது நான்தான் என்பதை வாசகர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மூன்றாவது வருடம் சுகன்யாவுக்குப் போடியிலிருந்து வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஏலக்காய் வியாபாரி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். தொலைபேசியில் பேசினால் தொலைபேசி தேவையில்லை என்று தோன்றும். முறைப்படி எனக்கு மாமா. என்னையும் அவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். ஆவணியில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நிச்சயதார்த்தம் என்று பேச்சு.

அந்தச் சமயம் கிழங்குகளுக்கு உறக்க காலம். இரண்டாம் வருடத்துக் குட்டிகள் சின்ன வெங்காய அளவுக்குத் தேறியிருந்தன. ஏறக்குறைய இருநூறு. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மருந்துத் தூளில் புரட்டி, காற்றோட்டமாக இருக்க வேண்டுமென்று சிவப்பு வலைப்பையில் போட்டு, பின்பக்கத் தாழ்வாரத்தில் ஆணியில் மாட்டியிருந்தேன். பக்கத்து ஆணியில் என்ன தொங்கியது என்று கேட்கிறீர்களா? அதே சிவப்பு வலைப்பையில் சின்ன வெங்காயம். மருந்து தடவிய கிழங்கைச் சமையல்கட்டுப் பக்கம் மாட்டுகிற அளவுக்குப் புத்திசாலி ஊரில் இன்னொருவர் இருந்தால் தெரிவிக்கவும்.

நிச்சயதார்த்த நாள் விடிந்தது. போடியிலிருந்து இரண்டு வேனில் நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். இருபத்தொரு தாம்பாளம். தட்டு மாற்றும் நல்ல நேரம் ஒன்றரை மணிக்கு. வந்தவர்கள் பசியோடு இருந்ததால் முதல் பந்தியைப் பன்னிரண்டரைக்கே போட்டுவிடலாம் என்று முடிவானது. சமையலுக்குப் பிச்சை மாஸ்டர். அவர் சாம்பார் வைத்தால் வாசனை பைபாஸ் வரைக்கும் போகும். நான் பட்டு வேட்டியில், சந்தனக் கிண்ணத்தோடு, பொறுப்பான அண்ணனாகத் திரிந்துகொண்டிருந்தேன். பந்தியில் சோறு விழுந்து, சாம்பார் வாளி நகர ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனேன்.

இரண்டு ஆணியும் காலி.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு உறைத்தது. அடுப்படிப் பக்கம் ஓடினேன். தரையில் ஒரு சிவப்பு வலைப்பை வெறுமையாகக் கிடந்தது. சுற்றிலும் பழுப்புச் சருகுத் தோல். காய் நறுக்க வந்த அக்கா ஒருவர் அடுத்த பந்திக்கு முருங்கைக்காய்த் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் பையில இருந்தது...?"

"உரிச்சுச் சாம்பாருக்குக் குடுத்தாச்சுண்ணே."

"எல்லாத்தையுமா?"

"ஆமாண்ணே. நல்ல வெங்காயம். அம்புட்டையும் உரிச்சேன், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல!"

கண்ணில் தண்ணீர் வராத வெங்காயம். எனக்கு வந்தது. செல்போனை எடுத்துத் தேடினேன். கிளாடியோலஸ் கிழங்கு நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, வாந்தி வரும் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. மனிதர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்தக் கிழங்கைத் தின்கிற அளவுக்கு மனிதன் முட்டாள் இல்லை என்று நினைத்திருப்பார்கள். அதோடு மருந்துத் தூள் வேறு. அந்த டப்பாவின் மேல் இருந்த மண்டையோட்டுப் படம் என் கண் முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போதே சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அல்லது வீட்டுக்குள் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. சம்பந்தக்காரர்கள் முன்னால் மானம் போகாமல், யாருக்கும் தெரியாமல், நாற்பது பேரைக் காப்பாற்றிவிடலாம் என்று திட்டம் போட்டேன். பந்தலுக்குள் ஓடி, பரிமாறியவரின் கையிலிருந்து சாம்பார் வாளியைப் பிடுங்கினேன். நேராக மாமாவிடம் போனேன். அவர் சோற்றில் குழி பறித்து, சாம்பாருக்காகக் காத்திருந்தார். ஏற்கெனவே ஒரு சுற்று முடித்திருந்தார்.

"வாங்க மாப்ள. நீங்களே பரிமாற வந்துட்டீகளா? ஊத்துங்க."

"மாமா... ரசத்துக்குப் போயிருங்களேன்."

"ரசம் பெறகு. சாம்பார் நல்லா இருக்கு. ஊத்துங்க."

"இல்ல மாமா, இதுல உப்பு கூட."

"இப்பத்தானே சாப்பிட்டேன்? உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

"இனிமேதான் மாமா கூடும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாளியின் காதைப் பிடித்தார். நான் இந்தப் பக்கம் இழுத்தேன். அவர் அந்தப் பக்கம் இழுத்தார். சம்பந்தி வீட்டுக்குச் சாம்பார் ஊற்ற மறுக்கும் பெண் வீட்டாரைப் போடிக்காரர்கள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். கேமரா வெளிச்சம் எங்கள் மேல் திரும்பியது.

அந்த நேரம் பார்த்து, மூன்று இலை தள்ளி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அத்தைக்குப் புரையேறியது. லொக் லொக்கென்று இருமினார். கண் சிவந்தது. என் திட்டம், மானம், பட்டு வேட்டி எல்லாம் ஒரே நொடியில் கழன்றுபோய், வாளியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கத்தினேன்:

"யாரும் சாப்பிடாதீங்க! சாம்பார்ல வெஷம்!"

ஸ்பீக்கரில் நாதஸ்வரம் மட்டும் கல்யாணி ராகத்தில் போய்க்கொண்டிருந்தது. பிறகு நாற்பது பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. ஒருவர் தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு வேலியோரம் ஓடினார். "உப்புத் தண்ணி குடுங்க!" என்று ஒரு குரல். "புளித் தண்ணிதான் குடுக்கணும்!" என்று இன்னொரு குரல். எது சரி என்று அவர்களுக்குள் சண்டையே வந்தது. "எனக்குக் கண்ணு இருட்டுது" என்று ஒரு பெரியவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். (அவர் அதுவரை பாயசம் மட்டும்தான் சாப்பிட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.) புரையேறிய அத்தைக்கு இருமல் நின்றுபோயிருந்தது, ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை.

மாமா எச்சில் கையோடு என் முன்னால் வந்து நின்றார்.

"என்னா மாப்ள சொல்றீக? யாரு வெஷம் வச்சது?"

"நான்தான் மாமா. ஆனா வேணும்னு இல்ல."

அவருக்குப் பின்னாலிருந்து யாரோ, "தட்ட எடுங்கப்பா, வேன்ல ஏத்துங்க" என்றார்கள். இரண்டு பேர் தாம்பாளங்களைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். பழத்தட்டு போனது, பூத்தட்டு போனது, சேலைத்தட்டும் கிளம்பியது. வீட்டு நிலைப்படியில் சுகன்யா அலங்காரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இன்னமும் சிரிப்பு வருவதில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வி வந்தாள். "என்னங்க ஆச்சு? எதுக்கு எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாக?"

"செல்வி, கெழங்கு... கில்லாடிக் கெழங்கு... வெங்காயம்னு நெனச்சுச் சாம்பார்ல போட்டுட்டாக."

"எந்தக் கெழங்கு?"

"ஆணியில மாட்டியிருந்தேன்ல? செவப்புப் பை!"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சிவப்பு வலைப்பை. வாய் இறுகக் கட்டியிருந்தது. உள்ளே இருநூறு கிழங்கும் மருந்துத் தூள் கலையாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

"மூணு நாளைக்கு முன்னாடியே எடுத்து வச்சுட்டேன். விசேச வீடு, யாராவது வெங்காயம்னு எடுத்துருவாகன்னு. உங்ககிட்டச் சொன்னேன்ல? நீங்க போனப் பாத்துக்கிட்டே 'ம்'னீகளே!"

சொல்லியிருப்பாள். நானும் 'ம்' என்றிருப்பேன். அந்த நேரம் போனில் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிழங்கைப் பாதுகாப்பது எப்படி என்ற வீடியோ.

"அப்ப அந்த அக்கா, கண்ணுல தண்ணியே வரலைன்னாகளே?" என்றேன், கடைசித் துரும்பைப் பிடிக்கிறவன் மாதிரி.

அந்த அக்கா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "ஊற வச்சு உரிச்சேன்ணே. ஊற வச்சா எப்படி வரும்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். மாமா சிரிக்கவில்லை. தட்டுத் தூக்கியவர்களும் தட்டைக் கீழே வைக்கவில்லை. அப்போதுதான் பிச்சை மாஸ்டர் அடுப்படியிலிருந்து வந்தார். அன்று அங்கிருந்தவர்களிலேயே அதிகம் புண்பட்டவர் அவர்தான். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கையில் ஒரு கரண்டி சாம்பார். அதிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, என் முகத்துக்கு நேராக வைத்து, விரலால் நசுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கு பிரிந்தது.

"இதென்ன தம்பி?"

"வெங்காயம்ணே."

"ஊருக்கே நீங்கதான வித்தியாசம் சொல்லிக் குடுத்தீக? கிளட்ச் வாங்க வந்த என் மச்சினன் உக்காந்து கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொன்னான். இன்னைக்கு ஒண்ண வெட்டிப் பாக்கத் தோணலையா?"

கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

"நான் வச்ச சாம்பார வெஷம்னுட்டீக. இம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னீக. இம்புட்டுப் பேரு முன்னாடி சாப்பிடுங்க. உக்காருங்க."

பந்தலுக்கு நடுவில் ஒரே ஒரு இலை போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர், எங்கள் சொந்தம் நூறு பேர், பாத்திரம் கழுவ வந்தவர்கள், தெருவில் போனவர்கள் என்று எல்லாரும் சுற்றி நின்றார்கள். மாஸ்டர் தன் கையால் சோறு போட்டார். சாம்பார் ஊற்றினார். நான் சாப்பிட்டேன். மறுபடி போட்டார். சாப்பிட்டேன். ஆனாலும் சொல்ல வேண்டும், சாம்பார் அருமையாக இருந்தது. மூன்றாம் தடவை அவர் கரண்டியைத் தூக்கியபோது, "போதும்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சாம்பார்க் கையோடு கும்பிட்டதால் சட்டை போனது.

மாமா இடுப்பில் கைவைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்ள, அந்தக் கெழங்கு மனுசருக்கு வெஷம்னு யாரு சொன்னது?"

"போன்ல போட்டிருந்துச்சு மாமா. நாய்க்கும் பூனைக்கும் ஆகாதுன்னு."

அவர் தன் ஆட்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"சரி. அப்ப எங்கள எதுல சேத்தீக? நாயிலயா, பூனையிலயா?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது. திரும்பிப் பார்த்தால் சுகன்யா. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. தோளில் குத்தியிருந்த பூச்சரம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வேன் பக்கம் நின்ற மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். அதன் பிறகு யார் யாரைத் தடுப்பது? மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாவம், அந்தப் புள்ள நம்மளக் காப்பாத்தணும்னுதான கத்துச்சு" என்றார். எனக்குச் சாதகமாக அன்று விழுந்த ஒரே வார்த்தை அது. அந்த அம்மாவுக்கு இன்றுவரை நான் தீபாவளிக்கு முதல் போன் போடுகிறேன்.

மாமா தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "தட்டக் கீழ வைங்கப்பா. பாதிப் பந்தியில எந்திரிச்சுப் போனோம்னு பேரு வேண்டாம். மாஸ்டர், புது எல போடுங்க. சாம்பார்லருந்தே ஆரம்பிங்க."

ஒன்றரைக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கை கழுவி, நல்ல நேரத்திலேயே தட்டு மாற்றினோம். நான் வேறு சட்டை போட்டுக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். புகைப்படத்தில் என் காது மட்டும் தெரிகிறது.

தையில் கல்யாணம் நடந்தது. சுகன்யா போடிக்குப் போகும்போது, மாமியார் கேட்டதாகச் சொல்லி, இருபது கிழங்கு கேட்டாள். நடாமல் எடுத்துவைத்திருந்ததில் கொடுத்தேன், பையின் நாலு பக்கமும் "கிழங்கு, சமையலுக்கு அல்ல" என்று எழுதி ஒட்டி. போடியின் மண்ணும் மலைக்காற்றும் அந்தக் கிழங்குகளுக்கு ஒத்துப்போய்விட்டன. என் வாசலில் பூப்பதைவிட அங்கே இரட்டிப்பாய்ப் பூக்கின்றன. மாமாவே தோண்டுகிறார், உலர்த்துகிறார், சல்லடை போட்டுப் பிரிக்கிறார். ஏலக்காய் வாங்க வருகிறவர்களுக்கு அடுக்குக்கும் கட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குகிறார் என்று கேள்வி. ஒவ்வொரு பங்குனியிலும் எனக்குப் போன் வரும். "மாப்ள, கெழங்கு தோண்டியாச்சு. அடுப்புல ஒல வைக்கவா?" பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். சிரித்து முடித்துவிட்டு வைத்துவிடுவார்.

அதுகூடப் பரவாயில்லை. அந்த வீட்டில் ஒரு புது வழக்கத்தையே உண்டாக்கிவிட்டார்கள். எந்த விசேஷமானாலும் முதல் இலை எனக்கு. சாம்பார் முதலில் என் சோற்றில்தான் விழும். மற்றவர்கள் இலையில் எல்லாம் பரிமாறி முடித்தாலும் யாரும் கை வைக்கமாட்டார்கள். நான் முதல் கவளத்தை விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு, சிறிது நேரம் உயிரோடும் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் பந்தி. விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள், "தாய்மாமனுக்கு இந்த வீட்டுல என்ன மரியாத!" என்று வியந்துபோவார்கள்.

போன மாதம் சுகன்யாவின் மகளுக்குக் காதுகுத்து. ஐந்து வயது. என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு, ஊரைக் கூட்டி அழுது முடித்த கையோடு, மூக்கைத் துடைத்துக்கொண்டு என் இலைக்கு எதிரில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். நூறு பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் வாயில் போட்டு, விழுங்கினேன். அவள் முகத்தை என் முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து, என் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பந்தல் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"தாத்தா! மாமா முழுங்கிட்டாக! இன்னும் சாகல!"

"அப்படியா ஆத்தா?" என்றார் என் மாமா, அந்தக் கடைசியிலிருந்து. "சரி, எல்லாரும் சாப்பிடுங்க."